மல்லாட்டையின் காட்டு உறவு

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் அன்பர்களுக்குத் தெரியும். பத்து வயதிருக்கும்போது பூகோள வகுப்பில் ஆசிரியர் ஆப்பிரிக்கப் படத்தை மாட்டி, செனெகல் நாட்டைப் பிரம்பால் தொட்டு, அங்கே முக்கியமான விளைச்சல் ‘அராஷித்’ என்று சொன்னார். நாங்களும் எழுதிக்கொண்டோம். அராஷித் என்றால் ஏதோ பெரிய மரத்தில் காய்க்கும் அபூர்வமான பழம் என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அரைப் பரீட்சை விடுமுறையில் வில்லியனூருக்கு அப்பால் இருந்த மாமா வீட்டுக்குப் போய், களத்தில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது பிரெஞ்சு அகராதி பார்த்த பெரிய அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உன் மடியில இருக்கறதுதான்டா அராஷித்.”

மல்லாட்டை! மணிலா என்று சொல்லும் வீடுகளும் உண்டு. நிலக்கடலை, வேர்க்கடலை என்பதெல்லாம் நாங்கள் பிறகு புத்தகத்திலும் வானொலியிலும் கற்றுக்கொண்ட பெயர்கள். செனெகலுக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய பயிர் இல்லை அது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நம் புதுச்சேரித் துறைமுகம் பிழைத்ததே பெரும்பாலும் இதனால்தான். 1879-இல் விழுப்புரத்திலிருந்து இரயில் வந்த பிறகு தென்னாற்காட்டு மல்லாட்டை மூட்டை மூட்டையாக இங்கே இறங்கி, படகேறி, கப்பலேறி மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே ஆலைகளில் எண்ணெயாகி, பாதி சமையலுக்கும் மீதி சவுக்காரத்துக்கும் போயிற்று. மார்செய் வியாபாரிகள் நம் கொட்டையை ‘கோரமண்டல்’ என்ற பெயரிலேயே வாங்கினார்கள்.

இன்று எழுத வந்தது வியாபாரத்தைப் பற்றி இல்லை, அந்தச் செடியின் இலையைப் பற்றி.

1976 ஐப்பசி. நான் அரசுப் பணியில் சேர்ந்து சில வருடங்களே ஆன எழுத்தன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். ஆடியில் விதைத்த மானாவாரி மல்லாட்டை. தூரத்திலிருந்து பார்த்தபோது நிலம் தீய்ந்தாற்போல் இருந்தது. ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் சிறு சிறு கொப்புளங்கள். விரலால் தேய்த்தால் குங்குமப்பூத் தூள்போல ஒட்டியது.

“இன்னா நோவுன்னே தெரியல தம்பி. டிக்கான்னா கருப்பா புள்ளி வுழும், இலை கொட்டும். அது எங்க அப்பாரு காலத்துலேருந்து பாத்ததுதான். இது செவப்பா வருது. நீ சர்க்காரு ஆபீசுல இருக்கறியே, கேட்டு சொல்லேன்.”

இலையைச் செய்தித்தாளில் மடித்து எடுத்து வந்து, வேளாண்மை தெரிந்த ஓர் அதிகாரியிடம் காட்டினேன். பார்த்ததும் சொல்லிவிட்டார்: துரு நோய். இரும்பில் பிடிக்கிற அதே துரு. பிரெஞ்சில் ‘ருயி’. (மார்செய்க்காரர்கள் மீன் சூப்போடு தொட்டுக்கொள்ளும் மிளகாய்ப்பூண்டுக் கூழுக்கும் அதே பெயர். நிறம் ஒன்றுதான் காரணம்.)

அந்த வருடம் செடியைப் பிடுங்கியபோது கையில் செடி மட்டும் வந்தது. துருவோடு டிக்காவும் சேர்ந்துகொண்டதால் விழுதுகள் நைந்துபோய், காய்கள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டன. கூலிப் பெண்கள் மண்வெட்டியால் கிளறிக் கிளறிக் காய் பொறுக்கினார்கள். பொறுக்கிய காயில் பாதி பொக்கு. மண்டியில் வாங்கிய முன்பணம் வட்டியோடு நின்றது. தை மாதம் நடக்க வேண்டிய மாமா மகள் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. கொடியைக்கூட மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாமாவுக்கு அந்த நோய் தெரியாததில் வியப்பில்லை. துருப் பூசணத்துக்குப் புக்சினியா அராக்கிடிஸ் என்று பெயர். 1884-இலேயே தென் அமெரிக்காவில் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் 1960-களின் கடைசி வரைக்கும் அது பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்தையும் மேற்கிந்தியத் தீவுகளையும் விட்டு வெளியே வரவில்லை. பிறகு சில ஆண்டுகளுக்குள் ஆசியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா எல்லாவற்றையும் பிடித்துவிட்டது. எங்கள் கொல்லைக்கு அது புது விருந்தாளி. பயிர் முந்நூறு நானூறு வருடத்துக்கு முன்னே கப்பலேறி வந்தது; அதன் நோய் பின்னால் மெதுவாகத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பழைய கேள்விதான்: ஒரே மழை, ஒரே மண், அந்த வருடம் கொல்லையில் ஒரு செடிகூட ஏன் தப்பவில்லை? நெல்லிலோ கேழ்வரகிலோ ஒரு நோய் வந்தால் ஏதாவது ஒரு நாட்டு ரகம் நிமிர்ந்து நிற்கும். மல்லாட்டையில் மட்டும் எல்லாம் ஒன்றுபோல விழுந்தது.

விடை அந்தச் செடியின் பிறப்பில் இருக்கிறது. தென் அமெரிக்காவில் காட்டு மல்லாட்டை இனங்கள் எண்பதுக்கும் மேல் உண்டு. அவற்றில் இரண்டு, ஏறத்தாழப் பத்தாயிரம் வருடத்துக்கு முன், ஒன்றோடொன்று கலந்தன. இரண்டுக்கும் தலா 20 குரோமோசோம்கள். கலப்பில் அவை அப்படியே சேர்ந்து 40 ஆகிவிட்டன. அந்த 40 உள்ள செடிதான் நம் மல்லாட்டைக்கெல்லாம் மூதாய். குரோமோசோம் கணக்கு மாறிப்போனதால் அதற்கப்புறம் அது சுற்றிலும் இருந்த காட்டு உறவினரோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஜாதிவிலக்கு! உலகம் முழுக்க விளைகிற மல்லாட்டை அத்தனையும் அந்த ஒரு கல்யாணத்தின் வாரிசுகள். ஒரு தாத்தா சொத்தில் இல்லாத நகை பேரப்பிள்ளைகள் யார் பெட்டியிலும் இருக்காதல்லவா?

2016-இல் அந்தப் பெற்றோர் இனங்கள் இரண்டின் மரபணுத் தொகுப்பையும் படித்து வெளியிட்டார்கள். தாய்வழி அராக்கிஸ் டியூரானென்சிஸ், மற்றது அராக்கிஸ் இபேயன்சிஸ். இரண்டாவது செடி பொலிவியாவில் ஒரே ஓர் இடத்தில்தான் கிடைத்திருக்கிறது. காரணம் எளிது. மல்லாட்டைக் குடும்பம் முழுவதும் பூவை மேலே பூத்து, விழுதைக் கீழே இறக்கி, தன் பிள்ளையைத் தானே மண்ணில் புதைத்துக்கொள்ளும் குடும்பம். காற்றிலும் பறவை வயிற்றிலும் விதை போகாது. யாராவது தோண்டி எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. அந்த இரண்டு இனங்களையும் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்ததும், ஆற்றங்கரையில் தோட்டம் போட்டு ஊர் மாறிக்கொண்டிருந்த பழங்கால மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். துருவுக்கு முன்னாலும் நம்மவர்கள் ஒருமுறை அடிபட்டிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் சென்னை மாகாணத்திலும் பம்பாய் மாகாணத்திலும் மல்லாட்டை நலிந்து பரப்பு சுருங்கியது. விதை பழசாகி வலுவிழந்துவிட்டது என்று சிலரும், டிக்காதான் காரணம் என்று சிலரும் எழுதினார்கள். அப்போது கைகொடுத்தது வெளிநாட்டு விதை. மொசாம்பிக், மொரீஷியஸ், செனெகல் என்று வந்த விதைகளால் பயிர் மறுபடி நிமிர்ந்தது. 1935-இல் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, 1940-இல் டி.எம்.வி. 1, டி.எம்.வி. 2 என்ற இரண்டு ரகங்கள் வெளிவந்தன. முதலாவது ‘சலும்’ என்ற கொடி ரகத்திலிருந்து பொறுக்கியது. சலும் என்பது செனெகலில் ஒரு பகுதி. எங்கள் ஆசிரியர் பிரம்பால் தொட்ட இடத்துக்கு வெகு அருகில்! இரண்டாவது நம் குடியாத்தம் குத்து ரகத்திலிருந்து பொறுக்கியது. மாமா போட்டிருந்தது அந்த டி.எம்.வி. 2.

அருமையான ரகம்தான், குறை சொல்ல மாட்டேன். மூன்றரை மாதத்தில் வந்துவிடும், எந்த நிலத்திலும் காய்க்கும். ஆனால் துருவும் இலைப்புள்ளியும் அதற்கு எமன். எவ்வளவு என்றால், பிற்காலத்தில் நோய் எதிர்ப்பைச் சோதிக்கிற வயல்களில், ‘நோய் நன்றாகப் பிடித்திருக்கிறதா’ என்று பார்ப்பதற்காகவே நடுவில் டி.எம்.வி. 2 விதைத்து வைப்பார்கள். அதில் பிடிக்கவில்லை என்றால் அந்த வருடம் நோயே வரவில்லை என்று அர்த்தம். அந்தக் குறிப்பைப் படித்தபோது மாமாவின் கொல்லை கண்ணில் வந்து நின்றது.

மருந்து இல்லாமல் இல்லை. பூசணத்துக்கு மருந்தடிக்கும் வழக்கத்தையே பெரிதாகத் தொடங்கி வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தான். 1880-களில் போர்தோ திராட்சைத் தோட்டங்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கச் சொன்ன மியார்தே என்ற பேராசிரியரைப் பள்ளியில் எங்களுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதே மியார்தே, திராட்சை வேரை அரித்த பூச்சிக்கு அமெரிக்கக் காட்டுத் திராட்சையோடு கலப்பு செய்வதுதான் வழி என்றும் வாதாடியவர். அதைப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. மருந்து, காட்டு ரத்தம் என்ற இரண்டு வழியையும் ஒரே மனிதர் கையில் வைத்திருந்தார். மானாவாரிக்காரனுக்கு முதல் வழி எட்டாது. மழை எப்போது பெய்யும் என்று தெரியாத பயிருக்கு மூன்று தடவை மருந்து வாங்க எந்தச் சம்சாரி துணிவான்? மாமா அடுத்த வருடம் ஒருமுறை கடன் வாங்கி அடித்தார். அடித்த அன்று ராத்திரியே மழை பெய்து கழுவிக்கொண்டு போய்விட்டது.

இரண்டாவது வழியின் கதை பொலிவியாவில் தொடங்குகிறது.

1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் மூன்று பேர் காட்டு மல்லாட்டை தேடிக்கொண்டு தென் அமெரிக்காவின் உள்நாட்டில் அலைந்தார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த வால்டன் கிரெகரி, அர்ஜென்டினாவின் தாவரவியலாளர் அந்தோனியோ கிராபோவிக்காஸ், அவரோடு பியேத்ரரெல்லி. கிழக்கு பொலிவியாவில் தோண்டி எடுத்த ஒரு களைச்செடிக்கு ‘ஜி.கே.பி. 10017’ என்று எண் கொடுத்தார்கள். மூவர் பெயரின் முதல் எழுத்துகள், அதன்பின் வரிசை எண். காய் சிறிசு, சாப்பாட்டுக்கு உதவாது. ஆனால் துருவும் பின்பருவ இலைப்புள்ளியும் அதை ஏறக்குறைய ஒன்றும் செய்ய முடியாது.

முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன் என்பதால் ஒரு விஷயம் என்னைக் கவர்ந்தது. அந்தச் செடிக்கு முறையான தாவரவியல் பெயர் 1994-இல்தான் பதிவானது. பொலிவியாவின் தாவரவியலாளர் மார்த்தீன் கார்தனாஸ் நினைவாக அராக்கிஸ் கார்டனாசி என்று வைத்தார்கள். அதற்கு முன்பே அது முப்பது வருடம் உழைத்துவிட்டது. தினக்கூலியில் சேர்ந்து, எண்ணை வைத்தே சம்பளம் வாங்கி, ஓய்வு பெறும் சமயத்தில் பணி நிரந்தரம் ஆகும் ஊழியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உழைப்பு என்று சொன்னேன். அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தது சுலபமாக இல்லை. பயிர் மல்லாட்டைக்கு 40, காட்டுச் செடிக்கு 20. இரண்டையும் கலந்தால் பிள்ளைக்கு 20-உம் 10-உம் சேர்ந்து 30. ஜோடி சேராத குரோமோசோம்களால் அது மலடு. ஸ்மார்ட் என்பவரும் கிரெகரியும் இதற்கு கோல்ச்சிசின் என்ற பொருளைப் பயன்படுத்தினார்கள். நம் கண்வலிக்கிழங்கில், அதாவது செங்காந்தளில், இருக்கிறதே அந்த விஷம்தான். அது பட்டால் குரோமோசோம் இரட்டிக்கும். 30 என்பது 60 ஆயிற்று, செடி காய்த்தது. பிறகு தலைமுறை தலைமுறையாக விதைத்துப் பொறுக்க, உபரி குரோமோசோம்கள் உதிர்ந்து, கடைசியில் 40 உள்ள செடிகள் மிஞ்சின. பார்வைக்கு மல்லாட்டை. உள்ளே அங்கங்கே காட்டின் துண்டுகள். இந்த இனக்கலப்புகளைப் பற்றி அவர்கள் 1967-இல் எழுதிய கட்டுரை வெளிவந்தது பாரீசின் ‘ஒலெயாழினோ’ இதழில். எண்ணெய்வித்துகளுக்கென்றே பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய இதழ் அது. மார்செய்க்குப் போன மூட்டைகளுக்கு இப்படி ஒரு வழியில் கொஞ்சம் பாக்கி தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

1972-இல் ஐதராபாத் அருகே பட்டான்செருவில் இக்ரிசாட் நிலையம் தொடங்கியது. அந்தக் காட்டுக் கலப்பின் சந்ததிகள் உறைகளில் அங்கே வந்து சேர்ந்தன. அங்கே பல வருடம் நோய் வயலில் போட்டுப் பொறுக்கி எடுத்த வரிசைகளில் ஒன்று சி.எஸ். 16. கர்நாடகத்தில் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தார் அதை கே.ஆர்.ஜி. 1 என்ற ரகத்தோடு சேர்த்து ஜி.பி.பி.டி. 4 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். துருவையும் பின்பருவ இலைப்புள்ளியையும் சேர்த்துத் தாங்கும் ரகம். அதற்கு முன்னும் எதிர்ப்புள்ள ரகங்கள் பெருவிலிருந்து வந்ததுண்டு. ஆனால் ஓடு தடித்து, பருப்பு குறைந்து, வியாபாரி தொடமாட்டான்.

இந்த எதிர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பது சுவாரசியமானது. பூசணத்தைக் கொல்வதில்லை. துருத்தூள் காற்றில் வந்து இலையில் விழும், முளைக்கும், மூச்சுத்துளை வழியாக உள்ளேயும் போகும். உள்ளே போனபின் வளர முடியாமல் திணறும். கொப்புளம் சிறுத்து, தாமதமாக வந்து, தூள் குறைவாகவே உதிரும். ஒரு கொப்புளம் நூறாகி, நூறு பத்தாயிரமாகிற கணக்கு உடைந்துபோகும். அது கொல்லையைத் தின்று முடிப்பதற்குள் அறுவடை வந்துவிடும். சம்சாரிக்கு அவ்வளவு அவகாசம் போதும். அந்தக் குணம் எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, 2014 வாக்கில் அந்தத் துண்டை மட்டும் டி.ஏ.ஜி. 24, ஜே.எல். 24 போன்ற பழகிய ரகங்களுக்கும் ஏற்றிவிட்டார்கள்.

2021-இல் டேவிட் பெர்த்தியோலி குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து நோய் தாங்கும் மல்லாட்டை ரகங்களை எடுத்து மரபணுவைச் சோதித்தால், ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா, அமெரிக்கா எங்கும் அந்த ஒரே 10017-இன் துண்டுகள். பல ரகங்களின் பிறப்புப் பதிவேட்டில் அதன் பெயரே இல்லை. விதை கைமாறிக் கைமாறி, வயல்களில் தானாகக் கலந்து, எழுதாமலே பரவிவிட்டது. பதிவேட்டில் இல்லாதது நடக்கவே இல்லை என்று அடித்துப் பேசும் எங்கள் அலுவலகத்தார் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வாளர்கள் ஒரு கவலையையும் சேர்த்தே எழுதினார்கள். 1993-இல் உயிர்ப்பன்மய உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின், ஒவ்வொரு நாடும் தன் செடிகொடிக்குத் தானே உரிமையாளர். நம் நாட்டிலும் 2002-இல் சட்டம் வந்தது. அதன் தேசிய ஆணையம் நம் சென்னையில்தான் இருக்கிறது. பயிர்களுக்கென்று தனியாக ஒரு பன்னாட்டு உடன்பாடு 2004-இல் நடைமுறைக்கு வந்து, சில பயிர்களின் விதையைத் தாராளமாகப் பரிமாறிக்கொள்ளப் பட்டியல் போட்டது. கொண்டைக்கடலை, துவரை, காராமணி எல்லாம் பட்டியலில் உண்டு. மல்லாட்டை இல்லை! காட்டில் புதிதாகத் தேடுவதும் நாடு விட்டு நாடு விதை அனுப்புவதும் வெகுவாகக் குறைந்துவிட்டன.

இதில் என் மனம் இரண்டு பக்கமும் போகிறது. பொலிவியாக்காரன் “என் மண்ணிலிருந்து எடுத்துப்போனாய், எனக்கு என்ன கொடுத்தாய்?” என்று கேட்டால், மார்செய்க்கு மூட்டை அனுப்பிய ஊர்க்காரனான நான் அந்தக் கேள்வியைத் தவறென்று சொல்ல மாட்டேன். காலனி வியாபாரத்தில் இலாபம் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்று கண்ணால் பார்த்த குடும்பங்கள் நம்முடையவை. அதே சமயம், 1976-இல் இந்தச் சட்டங்கள் எல்லாம் இருந்திருந்தால், பெயர்கூட இல்லாத அந்தக் களையின் சந்ததி எந்தக் கோப்பில், எந்த அனுமதிக்காக, எத்தனை வருடம் காத்துக்கிடந்திருக்கும் என்பதும் எனக்கு நன்றாகவே தெரியும். நானே அப்படிப்பட்ட கோப்புகளில் ‘மேலும் விளக்கம் தேவை’ என்று எழுதியவன்தான். பங்கு கொடுக்கட்டும், கட்டாயம் கொடுக்கட்டும். உறையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்பது என் கட்சி.

மாமா 1991-இல் காலமானார். அந்தக் கொல்லையில் இப்போது கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். மாமா மகன், என் மச்சான், திண்டிவனம் பக்கம் இரண்டு காணி குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார். சில வருடத்துக்கு முன் கர்நாடகத்திலிருந்து தெரிந்தவர் மூலம் கொஞ்சம் ஜி.பி.பி.டி. 4 விதை வாங்கி ஓர் ஓரத்தில் போட்டிருந்தார். அறுவடைக்குப் போயிருந்தேன். பழக்கதோஷம், போனதும் ஓர் இலையைத் திருப்பி விரலால் தேய்த்துப் பார்த்தேன். அங்கங்கே ஊசிமுனை அளவில் இரண்டொரு கொப்புளம் இருந்தது. விரலில் நிறம் ஒட்டவில்லை.

“இன்னா மச்சான், துரு தேடறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே அவர் ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். காயெல்லாம் செடியோடு வந்தது. காயை ஆய்ந்துகொண்டு கொடியை வரப்பில் போட்டார். பச்சை இன்னும் மாறாத கொடி. கட்டுத்தறியில் இருந்த மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது.